ஓட்டத்தானே எடுக்கிய?

"தம்பி, ஓட்டத்தானே எடுக்கிய?"

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டு நடையில் நின்றுகொண்டு ஓர் ஆச்சி என்னிடம் கேட்டது இது. அவர்கள் கையில், வீட்டில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளுக்கு நான் கொடுத்த 8,000 ரூபாய். தெருவில் குட்டியானை நிற்கிறது, டிரைவர் பின்பலகையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்கிற அந்தச் சின்ன இடுக்கில் மூன்று வருடம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். போன வருடம் திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தன்று அங்கிருந்து என்னைக் கிளப்பிவிட்டார்கள். அதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று தோன்றுவதும், எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவதுமாக நாள் போய்க்கொண்டிருந்தது.

அப்பா வேளாண்மைத் துறையில் இருந்தார். சேரன்மகாதேவி, பத்தமடை, களக்காடு, ஏர்வாடி என்று வயலும் வாழைத்தோட்டமுமாக அவர் சுற்றியதெல்லாம் 1976 மாடல் எஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்றில். மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்தால் மட்கார்டுக்குள் ஒரு படி சேறு அப்பியிருக்கும். குச்சியை விட்டு அதைத் தோண்டி எடுப்பது என் வேலை. ரிட்டயர் ஆனதும் வண்டி தொழுவுக்குப் போனது. சாக்கைப் போட்டு மூடினோம், மேலே விறகு அடுக்கினோம், அப்புறம் மறந்தே போனோம். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்த இடத்துக்கு இன்றைக்கும் தொழு என்றுதான் பேர். கழனித்தண்ணி ஊற்றிய கல்தொட்டியில் இப்போது டீசலை ஊற்றி நட்டு போல்ட்டுகளை ஊறப்போடுகிறேன். கன்றுக்குட்டி கட்டிய மூலையில் கம்ப்ரசர் நிற்கிறது. பட்டறை, கேரேஜ் என்றெல்லாம் நான் சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நாலு தடவை போர் அடித்த பிளாக்

எஸ்டி ஓட்டியவர்களுக்கு எஸ்டியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டாதவர்களுக்காக ஒன்று: அதில் கிக்கரும் கியர் லிவரும் ஒரே கம்பி. உள்ளே தள்ளித் தூக்கினால் கிக்கர், உதைத்துவிட்டு முன்னால் மடக்கினால் கியர். மைசூரில் 1961இல் ஜாவாவாகத் தொடங்கி, 1973இலிருந்து எஸ்டி என்ற பேரில் வந்து, 1996இல் கம்பெனியே மூடிப்போனது. அதற்கப்புறம் ஒரு பாகம் வேண்டுமென்றால் இன்னொரு வண்டியிலிருந்து வர வேண்டும். அல்லது வடக்கேயிருந்து கூரியரில் வரும் புதுச்சரக்கு. டேங்க் ஒன்று அப்படி வரவழைத்துப் பார்த்தேன். தகடு கல்லிடைக்குறிச்சி அப்பளம் கனம்தான் இருந்தது, மூடி உட்காரவே மாட்டேன் என்றது.

அப்பா வண்டியில் பிஸ்டன் பிடித்துப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசல் விட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி ஒருவழியாக இறக்கினேன். பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரை, தூக்கிக்கொண்டு மேலப்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் போனேன். அவர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தார். எஸ்டிக்குத் துளையின் அசல் அளவு 65 மில்லிமீட்டர். தேயத் தேயக் கால் மில்லி கால் மில்லியாகப் போர் அடித்து, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொண்டு வருவார்கள். எங்களுடையது 66க்கு வந்து, அதையும் தாண்டித் தேய்ந்திருந்தது. நாலு தடவை போர் அடித்தாயிற்று. "களக்காட்டு மண்ணு பூரா இதுக்குள்ளதான் போயிருக்கு" என்றார். "இனிமே கடைய இடமில்ல. ஸ்லீவ் போட்டுத் தாரேன். உம்ம காலம் மட்டும் ஓடும்."

ஸ்லீவ் என்றால், இருக்கிற துளையை இன்னும் பெரிதாக்கி, உள்ளே வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கி இறக்கி, அதை மறுபடியும் 65க்குக் கடைவது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல் ஜன்னலாகப் போர்ட் இருக்கும். பெட்ரோல் காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அதன் வழியாகத்தான். குழாயிலும் அந்த ஜன்னல்களை அதே இடத்தில் வெட்ட வேண்டும். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் வண்டியின் இழுவை மாறிவிடும். பாய்க்கு இதெல்லாம் கைவந்த வேலை. செலவும் நான் பிற்பாடு செய்ததில் பாதிகூட வராது. நான் வேண்டாம் என்றேன். அசல் பிளாக்தான் வேணும் பாய் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுவும் அசல்தானவே. உங்கப்பா ஓட்டுன அசல்" என்றார். அன்றைக்கு அது என் காதில் விழவே இல்லை.

பழைய வண்டி வேலையில் இறங்குகிறவர்களுக்கு இந்த அசல் பைத்தியம் சீக்கிரமே பிடித்துவிடுகிறது. எனக்கும் பிடித்திருந்தது. நட்டின் தலையில் என்ன முத்திரை, டேங்க் கோட்டின் அகலம் என்ன, ஆறு வோல்ட் விளக்கைப் பன்னிரண்டுக்கு மாற்றியவனெல்லாம் மனுஷனா என்று போனில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை. இருந்த ஆறு வோல்ட்டில் ராத்திரி டக்கரம்மாள்புரம் தாண்டிப் போனால் ரோடு தெரியாது, வேண்டுதல்தான். அதற்காக, மட்கார்டை அறுத்து எறிந்துவிட்டு மங்கின கறுப்பு அடித்து அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பேர் வைக்கிறவர்களை நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வேறு சாதிப் பைத்தியம்.

பிளாக் தேடி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைப் புதுப்பேட்டை வரைக்கும் போனேன். கிடைத்ததில் சூடு ஆறுவதற்கான விசிறித் தகடு உடைந்திருந்தது, அல்லது நம்முடையதைவிடத் தேய்ந்திருந்தது. இங்கே டவுன், பேட்டை, தாழையூத்து என்று ஒரு காயலான் கடை விடவில்லை. காயல்பட்டினத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்ததால் வந்த பேர் என்பார்கள். காயல்பட்டினத்துச் சிநேகிதன் ஒருவனிடம் இதைச் சொன்னால், "உலகம் பூரா மாணிக்கம், முத்து வித்தோம், உங்களுக்கு இரும்புதான் ஞாபகம் இருக்காக்கும்" என்று ஏறிவிடுவான். காயலான் கடையில் தேடுவதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. இன்னது வேண்டும் என்று கேட்டுவிட்டால் விலை ஏறிவிடும். சும்மா சைக்கிள் ரிம் பார்க்க வந்தவன் மாதிரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குவியலைக் காலால் தள்ள வேண்டும். அந்தக் குவியலில் ஒரு கோன் செட்டும் ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட்டும் எனக்குக் கிடைத்தன. பிளாக் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தக் கறுப்பு வண்டி

அம்பாசமுத்திரத்து மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர்தான் சொன்னார். கல்லிடையில் ஒரு வீட்டில் நிற்கிறது, வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, ஆச்சி மகளோடு கோயம்புத்தூர் போகப்போகிறார்கள், கேட்டுப் பாரும் என்றார். போனேன். தார்சாவில் பழைய வேட்டியைப் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வேட்டியை எடுத்தால் கறுப்பு எஸ்டி. 1979 மாடல். டேங்க் மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன், அடியில் லேசான துரு மட்டும். கிக்கரைக் கையால் அமுக்கினேன். வழவழவென்று இறங்கியது.

இப்போது சொல்லிவிடுகிறேன். அது எங்கள் வண்டியைவிட நல்ல வண்டி. கார்புரேட்டரைக் கழுவி, பாயின்ட் கேப் சரிபார்த்து, ஒரு கண்டென்சர் மாற்றியிருந்தால் மறுநாள் காலையில் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டில் ஒன்றைப் பிரித்துத்தான் மற்றதைச் செய்ய வேண்டும் என்றால், பிரிக்க வேண்டியது அப்பா வண்டியைத்தான். வேலை தெரிந்த எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். ஆனால் அது எங்கப்பா வண்டி. இதுவும் யாரோ ஒருத்தருடைய அப்பா வண்டி என்பது அந்தத் தார்சாவில் நிற்கும்போது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அப்போதுதான் ஆச்சி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

பிரிக்க இரண்டு சாயங்காலம் ஆயிற்று. நாற்பது வருட வண்டி என்றால் ஒரு போல்ட்டாவது முரண்டு பிடிக்கும். மரை கழன்று சுற்றும், தலை முறியும், கடைசியில் உளியை வைப்போம். இதில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஸ்பானரை வைத்துக் கையால் தள்ளினால் போதும், கழன்று வந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு மரையிலும் கிரீஸ். எஞ்சின் போல்ட், மட்கார்டு ஸ்க்ரூ, நம்பர் பிளேட் ஸ்க்ரூ வரைக்கும் யாரோ விரலால் தொட்டு வைத்திருந்தார்கள். திரும்பக் கழற்றும்போது கஷ்டப்படக் கூடாது என்று நினைத்த கை. டூல்ஸ் டப்பாவில் கயிறு சுற்றிய காட்டன் வேஸ்ட், பிளாஸ்டிக் தாளில் சுருட்டிய ஸ்பேர் பிளக், சீவி வைத்த ஒரு பென்சில். பென்சில் எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

பிளாக், கிராங்க், டேங்க், பின் ரிம், ஹெட்லைட் டூம் அதிலிருக்கும் மீட்டரோடு, எல்லாம் அப்பா வண்டிக்கு வந்தன. டேங்க்குக்கு ஜல்லியும் புளிக்கரைசலும் போட்டுக் குலுக்கித் துரு எடுத்தேன். கறுப்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, 220இல் ஆரம்பித்து 1000 வரைக்கும் வாட்டர் பேப்பர் போட்டு மெரூன் அடித்தேன். எஞ்சின் நம்பர் அடித்திருப்பது கிராங்க் கேஸில். சாஸி நம்பர் சாஸியில். இரண்டும் அப்பாவுடையதுதான் என்பதால் காகிதத்தில் ஒரு குறையும் கிடையாது. 2022 ஏப்ரலில் டூவீலர் மறுபதிவுக் கட்டணம் 300இலிருந்து 1,000 ஆயிற்றே, அதையும் முனகிக்கொண்டே கட்டினேன். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு விண்டேஜ் நம்பர் கொடுக்க 2021இல் ஒரு விதி வந்தது. பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டுமாம். அப்பா வண்டிக்கு வாங்கிவிடலாம் என்று எனக்கு ஒரு கனவு உண்டு. பரிசோதிக்கிறவர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பாகம் அத்தனையும் அசல்.

கறுப்பு வண்டியின் சாஸி மட்டும் தொழுச் சுவரில் கயிற்றில் தொங்கியது. இரும்புக்குப் போட வேண்டுமென்றால் முறைப்படி ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். ஆர்.சி. இறந்தவர் பேரில் இருக்கிறது. ஆச்சியிடம் கையெழுத்துக்குப் போனால் வண்டி எங்கே என்பார்கள். ஆகவே போகவில்லை. வெள்ளையடிக்கும்போதுகூட அதை இறக்காமல் சுற்றியே அடித்தோம்.

தேர் அன்றைக்கு

தேரோட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னால் கோயம்புத்தூரிலிருந்து போன். ஆச்சியின் மகள். என் நம்பரை ஆச்சி காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருந்தார்களாம். மகனைத் தேர் பார்க்கக் கூட்டி வருகிறேன், அப்படியே தாத்தா வண்டியைக் காட்டிவிட்டுப் போகிறேன், அம்மாவால் பஸ் ஏற முடியாது, பார்த்துப் படம் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கா என்றார்கள். வாங்கக்கா என்றேன். அந்த ரெண்டு நாளில் நான் ஏதாவது செய்திருக்கலாம். போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுவரிலிருந்து சாஸியை இறக்கி மறைக்கலாமா என்று யோசித்ததுதான் மிச்சம். அதைக்கூடச் செய்யவில்லை.

மூன்று மணிக்கு வந்தார்கள். பையனுக்குப் பத்து வயதிருக்கும், ரதவீதி நெரிசலில் சட்டையெல்லாம் கசங்கி, கையில் ஒரு விசில். அக்கா தொழுவுக்குள் நுழைந்து மெரூன் வண்டியைப் பார்த்தார்கள், அதைத் தாண்டி உள்ளே பார்த்தார்கள். "அப்பா வண்டி எங்க தம்பி?" நான் சுவரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பையன் விசிலை ஊதப்போனான், அக்கா பார்க்காமலே அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதுல எதெல்லாம் எங்க அப்பாது?"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இது பிளாக். இதுக்குள்ள கிராங்க் இருக்கு. இது டேங்க். பின் ரிம். இந்த டூம். மீட்டர் என்றதும் குனிந்தார்கள். கண்ணாடியைச் சேலை நுனியால் துடைத்துவிட்டு எண்ணை வாசித்தார்கள். 62,051.

"அப்பா 61,208ல விட்டாவ. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு நாந்தான் எழுதுனேன்." அவர்கள் அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டர் எண்ணையும் லிட்டரையும் நோட்டில் குறிப்பாராம். மகள் பெரிய வகுப்பு வந்ததும் அந்த வேலை மகளுக்கு. மீட்டர் ஒரு தடவை லட்சத்தைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வந்த அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தாராம். டூல்ஸ் டப்பாப் பென்சில் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்கள். "எண்ணூத்தி நாப்பத்தி மூணு. அப்பாக்கு இது ஒண்ணரை மாச ஓட்டம். நீங்க மூணு வருசமா ஓட்டியிருக்கிய."

அதில் பாதி நாள் வண்டி பிரித்துப் போட்டுக் கிடந்தது என்று சொல்ல வாய் வந்தது. மீதி நாளும் ஞாயிற்றுக்கிழமை துடைத்து, வண்ணார்பேட்டை வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நிறுத்தினதுதான்.

"ஓட்டத்தான் எடுக்கேன்னு அம்மாட்ட சொன்னியள்லா?"

"சொல்லலக்கா. தலைய ஆட்டுனேன்."

அதற்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிக்கு வீடியோ கால் போட்டார்கள். பையன் ஏற்கெனவே சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்திருந்தான். திரையில் ஆச்சியின் நெற்றி மட்டும் தெரிந்தது. "என்ன தம்பி, செவப்பா அடிச்சிட்டிய?" மெரூன் ஆச்சி என்றேன். "நல்லாத்தான் இருக்கு. ஓடுதா?" அக்கா போனை வண்டிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பையனை இறக்கிவிட்டுக் கிக்கரைத் தூக்கி உதைத்தேன். முதல் உதையில் ஒன்றுமில்லை. ரெண்டாவதில் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டு தொழு பூராவும் நீலப் புகை. சத்தத்துக்கு மேலே ஆச்சி ஏதோ பேசியது கேட்கவில்லை. எஞ்சினை அணைத்ததும் கேட்டது: "சத்தம் மாறல பாத்தியாடி." அக்கா ஆமாம்மா என்று சொல்லவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பித் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

வைத்துவிட்டு என்னிடம், "நானும் சொல்லல, பாத்துக்கிடுங்க" என்றார்கள்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடித்து டம்ளரை வைக்கும்போது அக்கா கேட்டார்கள். "அந்த மீட்டர மட்டும் எனக்குத் தருவியளா?" எனக்கு வாய் முந்திக்கொண்டது. "அது இப்ப எங்கயும் கிடைக்காதுக்கா." கிடைக்காதுதான், பொய்யில்லை. புதுச்சரக்கு மீட்டரில் நாற்பதைத் தாண்டினால் முள் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். ஆனால் அந்த நேரத்தில், அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லுகிற பேச்சா அது? இன்றைக்கும் ராத்திரி படுத்தால் தலையாட்டியதைவிட இதுதான் முதலில் வந்து நிற்கிறது. நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. "ஏல, கழட்டிக் குடு" என்றார்.

பத்து நிமிஷ வேலை. விளக்கு வளையத்தை எடுத்து, கேபிள் மரையைக் கையால் திருகி, அடியில் இருந்த நட்டைக் கழற்றினேன். அதிலும் கிரீஸ் இருந்தது, ஆனால் அது நான் வைத்த கிரீஸ். பனியன் துணியில் துடைத்துக் கொடுத்தேன். பையன் வாங்கி, பின்பக்கம் கேபிள் நுழைகிற இடத்தைச் சுண்டுவிரலால் சுற்ற ஆரம்பித்தான். "லேய், திருப்பாத! நம்பர் மாறிரும்!" என்று அக்கா வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். போகும்போது வாசலில் அப்பாவிடம் மட்டும் வாரோம் மாமா என்று சொல்லிக்கொண்டார்கள். சாஸியைப் பற்றி நானும் பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆர்.சி.க்குக் கையெழுத்து இன்னும் பாக்கி.

இப்போது டூமில் ஒரு ஓட்டை இருக்கிறது. மழைக்குப் பாலிதீன் பையை வைத்து ரப்பர் பாண்டு போட்டிருக்கிறேன். சங்கரன்கோவிலிலிருந்து ஒருத்தர் படம் அனுப்பியிருக்கிறார். 1981 வண்டி, வேப்பமரத்தடியில் சாய்ந்து நிற்கிறது, மீட்டர் முழுசாக இருக்கிறது. தனியாகத் தர மாட்டாராம், எடுத்தால் முழு வண்டியாகத்தான் எடுக்க வேண்டுமாம். அவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. நாற்பதில் போகிறேனா ஐம்பதில் போகிறேனா என்று, முன்னால் படபடக்கிற பாலிதீன் சத்தத்தை வைத்துத்தான் கணக்குப் பார்த்து ஓட்டுகிறேன்.